சிறுபடகுகளும் கரைக்காவலும்: 1918இல் இரு சமோவாக்கள்

1918 நவம்பர் 7 அன்று, ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட ‘தலூன்’ என்னும் நீராவிக் கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் காய்ச்சல் கண்டவர்கள் இருந்தனர். வழியில் ஃபிஜியில் அக்கப்பல் தனிமைப்படுத்தலுக்கு உட்பட்டிருந்த செய்தி ஆப்பியாவின் துறைமுக மருத்துவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பயணிகள் தடையின்றிக் கரையிறங்கினர். அடுத்த சில வாரங்களில் மேற்குச் சமோவாவின் ஏறத்தாழ 38,000 மக்களில் சுமார் 8,500 பேர் இறந்தனர். ஐவரில் ஒருவருக்கும் மேற்பட்ட இழப்பு இது.

கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த கடல்தொலைவில், அமெரிக்கச் சமோவாவின் முதன்மைத் தீவான டுட்டுயிலா உள்ளது. மொழியும் குலமரபும் உறவுமுறையும் இரு பகுதிகளுக்கும் பொதுவானவை. ஆயினும் அந்தக் கொள்ளைநோய்க்கு அமெரிக்கச் சமோவாவில் ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை.

இவ்வேறுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இரு ஆட்சியாளர்களைப் பற்றியது. அமெரிக்கக் கடற்படையின் ஆளுநர் ஜான் பாயர், வானொலித் தந்திவழிக் கிடைத்த செய்திகளைக் கொண்டு உடனே தடை விதித்தார். 1914 முதல் மேற்குச் சமோவாவைக் கைக்கொண்டிருந்த நியூசிலாந்தின் நிர்வாகி ராபர்ட் லோகன் அவ்வாறு செய்யவில்லை. மருத்துவ உதவி அளிக்கப் பாயர் முன்வந்தபோதும் அது ஏற்கப்படவில்லை. இவை உண்மையே, எனினும் முழு விளக்கம் ஆகா.

பெரிய கப்பலைத் தடுப்பது ஒப்பளவில் எளிது. அதற்கு ஆழமான துறைமுகம் வேண்டும். டுட்டுயிலாவில் அது பாகோ பாகோ ஒன்றே. கடினமானது சிறுபடகைத் தடுப்பது. திருமணம், இறப்புச் சடங்கு, குடித்தலைவர் பட்டமேற்பு ஆகியவற்றுக்கு உறவினர் திரளாகக் கடல்கடந்து செல்லும் ‘மலாங்கா’ என்ற வழக்கம் சமோவர் வாழ்வின் உயிர்நாடி. அத்தகைய படகுக்குத் துறைமுகம் தேவையில்லை. ஏதேனும் ஒரு மணற்கரை போதும். ஆகவே, துறைமுக வாயிலில் ஒட்டப்படும் ஆணையால் மட்டும் தீவு காக்கப்படுவதில்லை.

அமெரிக்கச் சமோவாவில் இக்காவலை ஏற்றவர்கள் அவ்வூர் மக்களே. கரையோரங்களில் அவர்கள் முறைவைத்துக் கண்காணித்தனர். மேற்கிலிருந்து வந்த படகுகளைக் கரையேறவிடாது தடுத்தனர். 1900இல் டுட்டுயிலாவின் தலைவர்கள் ஆட்சியுரிமையை அமெரிக்காவுக்கு ஒப்படைத்தபோதும், ஊர்த்தலைவர்களின் மரபுவழி அதிகாரம் பெருமளவு நிலைத்திருந்தது. கடற்படையின் ஆணை கரையில் செயலானது அவ்வதிகாரத்தின் வழியாகவே எனக் கருத இடமுண்டு. ஆணையிட்டவர் ஆளுநர், அதை மெய்யாக்கியவர்கள் ஊரார்.

இக்காவலுக்கு ஒரு விலையும் இருந்தது. எதிர்க்கரையில் ஊர் ஊராக மக்கள் இறந்துகொண்டிருந்தபோது, இக்கரை உறவினர்க்கு இறுதிக்கடன் செய்யவும் வழியில்லை. தடுக்கப்பட்ட ஒவ்வொரு படகும் ஒருவகையில் மறுக்கப்பட்ட உறவு. கட்டுப்பாடுகள் 1920 வரை நீடித்தன. வெற்றிக்கதையாக மட்டும் இதை எழுதும்போது, தம் உறவினரைத் தாமே திருப்பியனுப்ப நேர்ந்தவர்களின் துயர் மறைந்துவிடுகிறது.

மேற்கில் அப்பேரிழப்பு அரசியல் நினைவாக உறைந்தது. 1919இல் நியூசிலாந்து அரசு அமைத்த விசாரணை ஆணையம் நிர்வாகத்தின் தவறுகளைப் பதிவுசெய்தது. பின்னர் வலுப்பெற்ற ‘மாவு’ விடுதலை இயக்கத்தின் மனக்குறைகளுள் இதுவும் ஒன்று. 1962இல் மேற்குச் சமோவா விடுதலை பெற்றது. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் கோரிய மன்னிப்பில் 1918ஆம் ஆண்டின் நிகழ்வும் இடம்பெற்றது.

நூறாண்டு கடந்தும் அவ்வினா முடியவில்லை. 2019இல் சமோவாவில் பரவிய தட்டம்மைக்கு 83 பேர், பெரும்பாலும் குழந்தைகள், பலியாயினர். மறுஆண்டு கோவிட் எழுந்தபோது அந்நாடு எல்லைகளை விரைந்து மூடியது. 2022 மார்ச் வரை அங்குச் சமூகப் பரவல் ஏற்படவில்லை. பசிபிக் தீவுகள் பலவும் தனியார் பாய்மரப் படகுகளுக்குத் துறைகளை அடைத்தன. ஃபிஜி 2020இல் ‘நீலப்பாதை’ என்ற ஏற்பாட்டின்கீழ், கடலில் கழிந்த நாட்களையும் தனிமைப்படுத்தலின் 14 நாட்களுள் கணக்கிட்டு, பரிசோதனைக்குப்பின் அத்தகைய படகுகளை ஏற்றது. 1918இல் உறவைத் தேடி வந்த படகு திருப்பப்பட்டது. 2020இல் சுற்றுலா வருவாய் கொணரும் படகுக்கு வழி வகுக்கப்பட்டது. தடையின் கடுமையை மட்டுமன்றி, விலக்கு யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் வரலாறு கேட்கவேண்டும்.

இந்தியாவில் 1918ஆம் ஆண்டின் காய்ச்சலைப் பற்றிய பேச்சு, பம்பாய்த் துறைமுகத்திலும் இருப்புப்பாதையிலும் தொடங்குவது இயல்பு. தீவுகளின் பெருந்தொற்று வரலாறோ, துறைமுகப் பதிவேட்டில் இடம்பெறாத சிறுபடகையும், அதைக் கண்டு கரையில் எழுந்து நின்றவரையும் கொண்டு எழுதப்படவேண்டியது.