சேப்பாக்கத்துப் பல்கலைக்கழகமும் பொன்னேரிக் கல்லூரியும்

பொன்னேரி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "சென்னையில் படித்தால்தானே ஹஜ்ரத், பட்டத்துக்கு மதிப்பு?" இதற்கு விடை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களைத் தொடர்ந்து, 1857 செப்டம்பர் 5 அன்று, லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அது நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அங்கே வகுப்புகள் நடைபெறவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. முதற்பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை ஆகிய இருவருமே யாழ்ப்பாணத்தவர் என்பது, அதன் கை எவ்வளவு தொலைவு நீண்டிருந்தது என்பதைக் காட்டும்.

நம் சமுதாயத்திற்கு அது கசப்பான காலம். 1837-இல் பார்சி மொழி அரசு அலுவல்களில் தன் இடத்தை இழந்தது. 1855-இல் கடைசிக் கர்நாடக நவாப் குலாம் கவுஸ் கான் மறைந்தார். அவருடைய சேப்பாக்கம் அரண்மனை ஆங்கிலேயர் வசமானது. அதனருகில்தான் சிஷோம் வடிவமைத்த செனட் இல்லம் பின்னர் எழுந்தது. நம் முன்னோரில் பலர் ஆங்கிலக் கல்வியிடமிருந்து விலகி நின்றதன் பின்னணியில் இந்த வருத்தமும் உண்டு. ஆயினும் அந்த விலகலுக்கு அவர்களின் பேரப்பிள்ளைகளே விலை கொடுத்தார்கள் என்பது நம் கருத்து.

விலகாதவர்களும் இருந்தார்கள். 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் பிறந்தன. மூன்றும் இப்பல்கலைக்கழகத்தின் இணைப்பில் வளர்ந்தவை. 1940 முதல் 1942 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் சர் முகம்மது உஸ்மான். அரபு, பார்சி, உருதுத் துறைக்குத் தலைமையேற்ற முகம்மது ஹுசைன் நயினார், அரபுப் புவியியலாளர்கள் தென்னிந்தியாவைப் பற்றி எழுதியவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். மதரஸாவில் ஓதியவர்கள் எழுதிய அஃப்ஸலுல் உலமா தேர்வும் இப்பல்கலைக்கழகம் நடத்தியதுதான். தமிழுக்கு வித்துவான் பட்டம் போல, அரபுக்கு அது.

ஆந்திரா, அண்ணாமலை, மதுரை, பாரதியார், பாரதிதாசன் எனப் புதிய பல்கலைக்கழகங்கள் வரவர அதன் எல்லை சுருங்கியது. திருவள்ளூர் மாவட்டமோ அதனோடே நின்றது. ஆகவே பொன்னேரியில் படித்தாலும், அண்ணா சாலையிலுள்ள காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியில் படித்தாலும், பட்டத்தில் அச்சாகும் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே. மகளை அவ்வளவு தூரம் ரயிலில் அனுப்பத் தயங்குவோர் அதற்காகப் படிப்பையே நிறுத்த வேண்டியதில்லை.

தனியார் கல்லூரியில் சேர்ப்போர் மட்டும் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். இணைப்பு கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதன்று. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே பெற வேண்டியது. கட்டணம் செலுத்துமுன், பிள்ளை சேரும் பாடப்பிரிவுக்கு அந்த அனுமதி உண்டா என்று கேளுங்கள்.