ஊசி போட்டதால்தான் கூடிப்போச்சா? பாரிசவாத ஊசியின் கதை



ஜனாஸா வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பேசிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார், ஊசி போட்டதும் கூடிப்போச்சு." இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து, அடுத்த வீட்டுக்காரர் அதே ஊசியை வேண்டாம் என்கிறார். அதனால் அந்த ஊசியின் வரலாற்றை நாம் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது.

1933இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் வில்லியம் டில்லெட் என்ற வைத்தியர், ஒருவகை பக்டீரியா உறைந்த இரத்தத்தைக் கரைப்பதைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். 1958இல் இரத்தக்கட்டி கரைக்கும் மருந்து முதன்முதலாக மூன்று பாரிசவாத நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1960களில் ஜோன் ஸ்டெர்லிங் மேயர் ஸ்ட்ரெப்டோகைனேஸைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களிலேயே இறப்பு கூடியது. அன்று சீ.டி. ஸ்கேன் இல்லை. மூளையில் அடைப்பா, இரத்தக்கசிவா என்று உயிரோடு இருப்பவரில் பார்க்க வழியில்லை. 1971இல்தான் லண்டனில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது.

ஸ்கேன் வந்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. 1990களில் இத்தாலி, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில் நடந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஆய்வுகள், இரத்தக்கசிவும் இறப்பும் கூடியதால் இடைநடுவில் நிறுத்தப்பட்டன.

திருப்பம் 1995இல் வந்தது. அமெரிக்காவில் 624 பேரில் செய்த ஆய்வில் அல்டெப்ளேஸ் என்ற வேறு மருந்து, மூன்று மணித்தியாலத்துக்குள், பிரஷரைக் கட்டுப்படுத்திக் கொடுக்கப்பட்டது. பாதிப்பு இல்லாமல் அல்லது மிகச் சிறிய பாதிப்போடு மீண்டவர்கள் அதிகரித்தனர். ஆனால் நிலைமையை மோசமாக்கும் மூளை இரத்தக்கசிவு ஊசி பெற்றவர்களில் 6.4 வீதம், பெறாதவர்களில் 0.6 வீதம். ஆபத்து உண்மையானது, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் மூன்று மாத முடிவில் இறந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 17 வீதம், பெறாதவர்களில் 21 வீதம். ஊசியால் மொத்த இறப்பு கூடவில்லை. 2008இல் இன்னோர் ஆய்வுக்குப் பின் நேர எல்லை நாலரை மணித்தியாலம் வரை நீண்டது.

அப்படியென்றால் யாருக்குக் கூடுகிறது? 1995 ஆய்வைச் செய்தவர்களே இரண்டு வருடம் கழித்துச் சொன்னார்கள்: தாக்கம் ஆரம்பத்திலேயே கடுமையாக இருந்தவர்களுக்கும், ஸ்கேனில் ஏற்கனவே மூளை வீக்கம் தெரிந்தவர்களுக்கும்தான் கசிவு அதிகம். பின்னர் கூடிய வயது, கூடிய பிரஷர், கூடிய சீனி, தாமதம் என்பனவும் சேர்ந்தன. காரணம் விளங்கக்கூடியது. இரத்தம் கிடைக்காமல் நேரம் போகப்போக மூளையின் சிறு குழாய்களும் பழுதடைகின்றன. அடைப்பு திறந்து இரத்தம் பாயும்போது அவை தாங்காமல் கசிகின்றன. அதனால்தான் பிரஷர் 185/110க்கு மேலிருந்தால் முதலில் குறைக்கிறார்கள், ஊசிக்குப் பின் ஒரு நாள் முழுக்க 180/105ஐத் தாண்டவிடாமல் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. கூடுவதெல்லாம் ஊசியால் அல்ல. கட்டி கரையாமல் விடலாம், திறந்த குழாய் மீண்டும் அடைபடலாம், மூளை வீங்கலாம். இவை ஊசி போடாவிட்டாலும் நடக்கக்கூடியவை.

இதில் நம் கையில் இருப்பவை சில உண்டு. வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டும் விடியட்டும் என்றும் இருக்காமல் உடனே 1990 சுவசெரியவுக்கு அழைப்போம். ஓதிப் பார்ப்பதை அம்புலன்ஸிலும் செய்யலாம். கடைசியாக எத்தனை மணிக்குச் சுகமாக இருந்தார் என்பதைச் சரியாகச் சொல்வோம். இரத்தத்தை இளக்கும் வாபரின் போன்ற குளிசை குடிப்பவரென்றால் மறைக்காமல் சொல்வோம், கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோவோம். நாமாக எந்தக் குளிசையும் கொடுக்க மாட்டோம். பிரஷருக்கும் சீனிக்குமான மருந்தை நோய் வராத நாட்களிலேயே ஒழுங்காகக் குடிப்போம்.

முடிவு அல்லாஹ்வின் நாட்டம். நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு.