பாயிரமும் முன்மொழிவும்

ஆய்வு முன்மொழிவைத் திருத்தித் திருத்தி எழுதும் கல்லூரி மாணவருக்கு அது அறிவுலகின் ஆதிச் சடங்காகத் தோன்றலாம். உண்மையில் அதன் வயது குறைவு. 1861இல் யேல் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டங்களை மூவருக்கு அளித்தபோது, எடைபோடப்பட்டது முடிந்த ஆய்வேடுதான். முன்மொழிவைப் பெருவழக்காக்கியது பணம். தனியார் அறக்கட்டளைகள் முன்பே விண்ணப்பம் கேட்டதுண்டு. ஆனால் அறிவியல் ஆய்வுக்கு அரசு நிதி தர வேண்டும் என்று வலியுறுத்திய அமெரிக்கப் பொறியாளர் வானிவர் புஷ்ஷின் 1945ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1950இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை உருவான பிறகே, செய்யப்போவதை எழுதிக் கொடுத்துத் துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்குக் காத்திருப்பது ஆய்வாளரின் அன்றாடமாயிற்று. இந்தியாவில் 1953இல் தொடங்கிய பல்கலைக்கழக மானியக் குழுவும் சிறிய, பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கு இதே வழியில்தான் நிதி தந்தது.

நம்மிடம் நூலுக்கு முகவுரையாகப் பாயிரம் இருந்ததே என்று சிலர் மறுக்கக்கூடும். நியாயமான மறுப்புதான். நூலின் பொருள் என்ன, எவ்வழி வந்தது, கேட்போர் யார், பயன் என்ன என்று இலக்கண நூலான நன்னூல் பாயிரத்துக்கு வகுத்த கேள்விகள் இன்றைய படிவத்திலும் இருக்கின்றன. ஆனால் பாயிரம் எழுந்தது எழுதி முடித்த நூலுக்கு. தற்புகழ்ச்சி தகாது என்பதால் அதை எழுதும் உரிமையை ஆசிரியர், உடன்கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோருக்கே நன்னூல் அளித்தது. முன்மொழிவிலோ, இன்னும் செய்யாத வேலையை ஆய்வாளர் தாமே புகழ வேண்டியிருக்கிறது.