கஸ்ஸாலி இமாம் மெய்யியலைப் படித்த இரண்டு வருடங்கள்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வாப்பா என் கையைப் பிடித்தார். மகள் இந்த வருடம் ஏ.எல். கலைப்பிரிவு. "சேர், மகள் லொஜிக் எடுத்திருக்கா. அதுக்குள்ள பிலோஸபி எல்லாம் வருதாமே. கஸ்ஸாலி இமாம் அதக் கூடாதெண்டு கிதாபே எழுதினவங்கதானே? வேற பாடத்துக்கு மாத்த ஏலாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். பள்ளிவாசல் வாசலில் நின்று இரண்டு வசனத்தில் சொல்லி முடிக்கிற விடயம் இல்லை இது. அதனால், அவரிடம் சொல்லிவிட்டே, பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் பல பெற்றோரிடம் இருப்பது எனக்குத் தெரியும்.

கிதாப் எழுதினார்கள் என்பது உண்மை. 'தஹாபுதுல் பலாஸிபா', மெய்யியலாளர்களின் தடுமாற்றம். 1095இல் எழுதி முடித்தார்கள். இருபது விடயங்களில் மெய்யியலாளர்களை மறுத்தார்கள். உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது, தனித்தனி நிகழ்வுகளை அவை நடக்கும் விதத்திலேயே அல்லாஹ் அறிவதில்லை என்பது, மறுமையில் உடலோடு எழுப்பப்படுவதில்லை என்பது, இந்த மூன்றும் குப்ர் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். இதை மூடி மறைத்துவிட்டு "கஸ்ஸாலியும் பிலோஸபருதான்" என்று பூசி மெழுக நான் வரவில்லை.

ஆனால் அந்தக் கிதாபுக்கு முன்னால் நடந்ததை நாம் சொல்வதேயில்லை.

1091இல் நிழாமுல் முல்க் இமாமை பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவுக்குப் பேராசிரியராக நியமிக்கிறார். அப்போது இமாமுக்கு வயது சுமார் 33. (அந்த வயதில் நான் ஒன்பதாம் வகுப்புக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.) 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலை. அதற்கு நடுவில் கிடைத்த ஓய்வு நேரத்தில், உஸ்தாத் யாரும் இல்லாமல், மெய்யியல் நூல்களைத் தாமாகவே வாசிக்கிறார்கள். இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைந்த காலம் வாசிப்பு. அதன் பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் வாசித்ததையே திரும்பத் திரும்ப யோசிக்கிறார்கள். இதையெல்லாம் பிற்காலத்தில் 'அல்முன்கித்' என்ற நூலில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு துறையை அதன் அறிஞர்கள் அளவுக்கு விளங்காமல் மறுப்பது இருட்டில் கல்லெறிவதைப் போன்றது என்ற கருத்தையும் அதே இடத்தில் சொல்கிறார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. மறுப்பு நூலுக்குப் பக்கத்தில் 'மகாஸிதுல் பலாஸிபா' என்று இன்னொரு நூல். மெய்யியலாளர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்பதைச் சரி பிழை பார்க்காமல் அப்படியே விளக்கும் நூல் அது. அந்த நூலுக்கு நடந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் அது லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டது. இது என் கருத்தல்ல, மறுப்பதற்கு முன் அவர்களுடைய கருத்தைச் சொல்கிறேன் என்று இமாம் எழுதிய முன்னுரை பெரும்பாலான லத்தீன் பிரதிகளில் இல்லை. விளைவு, ஐரோப்பிய அறிஞர்கள் நீண்ட காலமாக 'அல்கஸேல்' என்பவர் இப்னு ஸீனாவின் வழிவந்த ஒரு மெய்யியலாளர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிராளியின் கருத்தை அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்கள் என்றால் பாருங்கள். நமது முகநூல் விவாதங்களில் எதிர்த்தரப்பை இப்படி எழுதிக்காட்டிய ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

வகுப்பில் முதல் நாள் நான் மெய்யியலுக்கு வரைவிலக்கணம் எழுதிப்போடுவதில்லை. 'பல்ஸபா' என்ற அரபுச் சொல் கிரேக்கத்தில் இருந்து வந்தது, அறிவை நேசித்தல் என்று பொருள் என்பதோடு சரி. பிறகு தஹாபுதின் பதினேழாவது விடயத்துக்குப் போவேன். பஞ்சும் நெருப்பும். பஞ்சை நெருப்பில் வைத்தால் எரிகிறது. நெருப்புத்தான் எரித்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பது இமாமின் கேள்வி. நாம் கண்ணால் கண்டது நெருப்புப் பட்டதையும் அதோடு பஞ்சு எரிந்ததையும்தான். ஒன்று மற்றதைக் கட்டாயமாக உண்டாக்குகிறது என்பதை யார் கண்டார்?

முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஒரு பிள்ளை, "சேர், அப்ப நாளைக்கு எரியாமலும் போகலாமா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் பாடம் தொடங்கிவிட்டது. இமாமின் பதில் அல்லாஹ்வின் வழமையைப் பற்றியது, அதை இஸ்லாமிய நாகரிகம் படிக்கிற பிள்ளைகளே எழுந்து சொல்வார்கள். சுமார் 640 வருடங்களுக்குப் பிறகு ஸ்கொட்லாந்தின் டேவிட் ஹியூம் கிட்டத்தட்ட இதே கேள்வியை வேறொரு நோக்கத்தோடு கேட்டார். அளவையியலும் விஞ்ஞானமுறையும் பாடத்தில் தொகுத்தறிவு முறையின் பிரச்சினை என்று பிள்ளைகள் படிப்பது அதைத்தான். பேப்பர்ல வரும் கேள்வி நம்முடைய கிதாபிலும் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

இமாமுக்குப் பதில் எழுதியவர் குர்துபாவின் இப்னு ருஷ்த் (1126–1198). 'தஹாபுதுத் தஹாபுத்', தடுமாற்றத்தின் தடுமாற்றம். அவரும் இமாமின் வாசகங்களைப் பந்தி பந்தியாக எடுத்து எழுதி, அதன் கீழேதான் தன் பதிலை எழுதுகிறார். இவரை மார்க்கத்தோடு சம்பந்தமில்லாத ஆள் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் காழி. மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளைகளின் கையில் இருக்கும் 'பிதாயத்துல் முஜ்தஹித்' அவருடையதுதான். இந்த இமாம் இப்படிச் சொன்னார், அந்த இமாம் அப்படிச் சொன்னார், கருத்து வேறுபாட்டுக்குக் காரணம் இது என்று அந்த நூல் போகும் விதத்தை ஓதியவர்கள் அறிவார்கள்.

இந்தப் பழக்கத்தைத்தான் வகுப்பில் செய்து பார்க்கிறோம். சென்ற வருடம் இரண்டு மாணவர்கள். ஒருவர் வீட்டில் உள்ளூர்ப் பிறை, மற்றவர் வீட்டில் சர்வதேசப் பிறை. இரண்டு வீட்டுக்கும் பெருநாள் வேறு வேறு நாளில் வந்த வருடங்களும் உண்டு. "உங்கட கருத்து வேணாம். அவர்ட கருத்த நீங்க சொல்லுங்க. அவர் 'ஓம், இதான்' எண்டு தலையாட்டணும்" என்றேன். முதல் தடவை, "இல்ல, நாங்க அப்பிடிச் சொல்றல்ல." இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவைக்கு முன்னால் எதிர்த்தரப்பிடமே போய் நாலைந்து கேள்வி கேட்டு வந்தார். அப்போதுதான் தலை ஆடியது. இருவரும் கருத்தை மாற்றவில்லை. மாற்றச் சொல்வது என் வேலையும் இல்லை.

இனி அந்த வாப்பாவின் பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கு இமாமிடமே ஆதாரம் இருக்கிறது. 'அல்முன்கித்'திலேயே பாம்பாட்டியின் உவமை வருகிறது. பாம்பாட்டி தன் சின்னப் பிள்ளையின் முன்னால் பாம்பைத் தொடமாட்டான், பிள்ளையும் அதைப் பார்த்துத் தொட்டுவிடும். பக்குவம் இல்லாதவர்களை மெய்யியலாளர்களின் நூல்களில் இருந்து தடுக்க வேண்டும் என்றே எழுதுகிறார்கள். இந்த வாதம் பலமானது. எனக்கும் இதில் தயக்கம் இருந்தது.

ஆனால் இமாம் அளவையியலை அந்தப் பாம்போடு சேர்க்கவில்லை. கணிதமும் தர்க்கமும் தம்மளவில் மார்க்கத்துக்கு எதிரானவை அல்ல என்கிறார்கள். கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்கிறார்கள். கடைசிக் காலத்தில் எழுதிய உஸூலுல் பிக்ஹ் நூலான 'அல்முஸ்தஸ்பா'வைத் தர்க்கத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதை அறியாதவரின் அறிவில் நம்பிக்கை வைக்க முடியாது என்ற அளவுக்குச் சொல்கிறார்கள். மன்திக் ஓதிய பழைய ஹஸரத்மார் யாரையும் கேட்டுப் பாருங்கள், அது ஏன் மத்ரஸாவுக்குள் வந்தது என்று சொல்வார்கள்.

அடுத்தது, இமாமின் காலத்தில் பாம்பு கூடைக்குள் இருந்தது. இன்று பதினேழு வயதுப் பிள்ளையின் போனுக்குள் இருக்கிறது. கடவுள் இல்லை என்று சொல்லும் வீடியோவும் வருகிறது, அதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லும் வீடியோவும் வருகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம். ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "சேர், இப்பிடி யோசிக்கிறது குற்றமா?" என்று கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டால் அடி விழும் என்று பயந்தே என்னிடம் வந்தார்கள்.

பாடம் மாற்றுவதற்கு இன்னும் இரண்டு கிழமை தவணை இருக்கிறது. முடிவு அந்த வாப்பாவுடையதும் மகளுடையதும்தான். வியாழன் பின்னேரம் இரண்டரைக்கு வகுப்பு, வந்து பின் வாங்கில் இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்னார், இன்ஷா அல்லாஹ். மகளுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இந்தப் பாடத்தைப் பற்றி வாப்பா ஏன் கவலைப்படுகிறார் என்பதை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். வாப்பா வாசித்துவிட்டு "ஓம், இதான்" என்று தலையாட்டின பிறகுதான் கொப்பியை எனக்குக் கொண்டுவரலாம்.