விழித்திருந்தோர் அளித்த விடை

1854ஆம் ஆண்டு கிரிமியப் போரில் புண்பட்ட வீரரைப் பேணச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை, விளக்கேந்திய மங்கை என்று வரலாறு போற்றுகின்றது. நோயாளி உறங்கத் தாம் விழித்திருப்பவர் செவிலியர். அவ்வாறு ஆண்டுக்கணக்கில் விழித்திருப்போரின் உடல் என்னாகின்றது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைத்தது மிகப் பிற்காலத்திலேதான். அவ்விடையை அளித்தவர்களும் செவிலியரே என்பது மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

1976ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், டாக்டர் பிராங்க் ஸ்பைசர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கருத்தடை மாத்திரைகளின் நீண்டகால விளைவை அறிவதே அதன் முதல் நோக்கம். 11 மாநிலங்களில் வாழ்ந்த, 30 முதல் 55 வயது வரையுள்ள மணமான செவிலியர்க்கு வினாத்தாள்கள் அஞ்சலிற் சென்றன. ஏறத்தாழ 1,21,700 பேர் விடை எழுதினர். மருத்துவப் பயிற்சி உடையோராதலின், நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் பிழையின்றிக் குறிப்பர் என்பது கருதியே செவிலியரைத் தேர்ந்தனர். ஈராண்டுக்கு ஒருமுறை அவர்கள் தம் எடையையும் பழக்கங்களையும் உற்ற நோய்களையும் எழுதி வந்தனர். 1980 முதல் உணவு பற்றிய வினாக்களும் சேர்ந்தன. 1989இல், இளம் செவிலியர் 1,16,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு இரண்டாம் ஆராய்ச்சி தொடங்கியது.

இவ்விடைகள் புலப்படுத்திய உண்மைகள் பல. 18 வயதுக்குப் பின் எடை மாறாதிருந்தோரைக் காட்டிலும், 5 முதல் 8 கிலோ வரை எடை கூடியோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கண்ணுக்குப் பருமனாகத் தோன்றாத சிறு மிகுதியும் தீங்கு விளைக்கக் கூடும் என்பது இதனாற் பெறப்பட்டது.

2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரு குழுவினரையும் சேர்த்து, சுழல்முறை இரவுப் பணியை ஆராய்ந்தது. அப்பணியே செய்யாதவரை நோக்க, 10 முதல் 19 ஆண்டுகள் செய்தவரிடம் நீரிழிவு வாய்ப்பு 40 விழுக்காடும், 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் செய்தவரிடம் 58 விழுக்காடும் மிகுந்திருந்தது. உடல் எடையின் பங்கைக் கணக்கிட்டு நீக்கிய பின்னும், 20 ஆண்டுகள் செய்தவரிடம் 24 விழுக்காடு எஞ்சியது. எனவே, மிகுதியின் பெரும்பகுதி எடையோடு தொடர்புடையது. எஞ்சியதற்கு வேறு காரணங்களும் இருத்தல் வேண்டும்.

காரணம் யாது? நம் உடலினுள் பகலிரவுக்கு இசைந்தியங்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதன் அமைப்பை விளக்கிய மூன்று அறிஞர்க்கு 2017இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இரவில் உண்ணும் உணவின் சர்க்கரையைப் பகலிற் போல உடல் எளிதிற் கையாள்வதில்லை. உறக்கம் குறையின் பசி மிகும். ஓய்ந்த உடல் உழைப்பையும் நாடாது.

பருத்த செவிலியர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னால், 'ஊருக்குத்தான் உபதேசம்' என்று நகைப்பாருளர். வரலாறு அறிந்தோர் அங்ஙனம் நகையார். அளவறிந்து உண்பதும் நாள்தோறும் நடப்பதும் தனி மனிதர் கடமை. பணிமுறையைச் சீராக வகுப்பதும், இரவிலும் நல்லுணவும் பணிக்குப்பின் போதிய ஓய்வும் கிடைக்கச் செய்வதும் மருத்துவமனையின் கடமை. பல்லாண்டு சலியாது எழுதி உலகுக்கு அறிவு வழங்கிய செவிலியர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி, அவ்வறிவின் பயனை முதலில் அவர்கட்கே கிட்டச் செய்வதாகும்.