ஓதம் ஏறிய சுவரும் மெட்ராஸ் சுண்ணாம்பும்

திருமழிசையில் எங்க ஆயா வீடு ரொம்பப் பழசு. அடியில் கருங்கல், மேலே செங்கல், எல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழைக்காலம் வந்தால் தரையிலிருந்து முட்டி உயரத்துக்கு ஓதம் ஏறும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழ்ப்பக்கம் சிமெண்ட் பூசி, அதற்கு மேல் விலை கூடிய பெயிண்ட் அடித்தோம். இரண்டே மழைதான். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உரிந்து, உள்ளே உப்பு பூத்திருந்தது. ஓதமோ இடுப்பு வரை ஏறிவிட்டது! "வீட்டையே இடிச்சிடலாம்" என்கிறார் மாமா. "பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சப்ப சுவரு நல்லாத்தானடா இருந்துச்சு" என்கிறது ஆயா.

யார் சொல்வது சரி என்று தேடப் போய், சென்னையின் பழைய கதை ஒன்று மாட்டியது.

1732-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பே மெட்ராஸில் மிகச் சிறந்த சாந்து தயாரிக்கும் முறை பற்றியது! எழுதியவர் ஐசக் பைக், செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர். (பிற்காலத்தில் நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, அதே தீவு.) சுண்ணாம்பு, மணலோடு வெல்லம், கடுக்காய், வேகவைத்த பயறு என்று நம்ம கொத்தனார்களின் கைப்பக்குவம் அதில் இருக்கிறது. நியூட்டன் தலைவராக இருந்த சபையில் நம்மூர் கடுக்காய்த் தண்ணி!

மேல்பூச்சு இன்னும் விசேஷம். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்துப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். 1780-இல் இங்கே வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், மெட்ராஸ் கட்டடங்களின் இந்தப் பூச்சைப் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதினார்.

பளிங்கு மாதிரி இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஸ்கூலில் சுண்ணாம்புத் தண்ணியில் ஸ்ட்ரா வைத்து ஊதினோமே, பால் மாதிரி ஆச்சே, ஞாபகம் இருக்கா? சுவரிலும் அதேதான். நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக இழுத்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. பளிங்கும் அதுதான், கிளிஞ்சலும் அதுதான்.

சரி, ஓதத்துக்கு வருவோம். பழைய சுவரின் அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் ஈரம் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் நிறைய. ஏறின தண்ணி அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். உப்பு மட்டும் மேற்பரப்பில் பூக்கும். அதைச் சுரண்டிவிட்டு அடுத்த பொங்கலுக்கு மறுபடி வெள்ளையடிப்பார்கள். அழகுக்கு அடிக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்! சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. தண்ணி என்ன செய்யும், இன்னும் மேலே ஏறி வழி தேடும்.

சிமெண்டைத் திட்டவில்லை. 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1904-இல் சென்னையிலேயே கடல் சிப்பியிலிருந்து சிமெண்ட் செய்து பார்த்தார்கள், நீடிக்கவில்லை. 1914-க்குப் பிறகு போர்பந்தர் ஆலையில் உற்பத்தி நிலைத்தது. சீக்கிரம் இறுகும், பலம் அதிகம், அரைக்கும் வேலை இல்லை. புது வீட்டுக்கு நல்லதுதான். பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் பூசினதுதான் நாங்கள் செய்த தப்பு.

மாமாவிடம் ஒரு மழைக்காலம் மட்டும் தவணை கேட்டிருக்கிறேன். கூடத்தின் ஒரு பக்கச் சுவரில் சிமெண்டைக் கொத்தி எடுத்தாகிவிட்டது. சுவர் காய்ந்ததும் சுண்ணாம்பு பூசணும். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கிடைத்த ஒரே பெரியவர் வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கடுக்காய் வாங்கி வச்சிட்டியாப்பா?"