ஏட்டில் விடுபட்ட பெயர்

தோட்டத்துக் கிராணிக்குச் செக்ரோலின் அருமை தெரியும். விடியுமுன் எழுந்து பால்வெட்டியவன் பெயர் அவ்வேட்டில் விழாமற் போனால், அன்று அவன் உழைக்கவேயில்லை என்று ஆகிவிடும். சரித்திரமும் ஒரு செக்ரோலே. அதில் ஒரே வரியோடு நிறுத்தப்பட்ட ஒருவரைப்பற்றி எழுதத் துணிகின்றேன். அவர் ரூடி ஜாக்சன். கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்.

1901-ல் இந்தியானா மாகாணத்திற் பிறந்த ஜாக்சன், சிக்காகோ நகரில் வளர்ந்தார். கிங் ஆலிவரின் குழுவில் வாசித்துப் பழகி, 1927-ல் டியூக் எலிங்டன் குழுவிற் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 26-ல் அக்குழு 'கிரியோல் லவ் கால்' என்னும் உருப்படியை இசைத்தட்டிற் பதிந்தது. அடிலெய்டு ஹால் என்னும் மாது சொல் ஒன்றும் இன்றிக் குரலை மட்டும் இழையவிட்ட அத்தட்டு பெரும் பிரசித்தி பெற்றது. மெட்டைக் கொணர்ந்தவர் ஜாக்சன் என்பர். ஆனால் அம்மெட்டோ, ஆலிவர் 1923-ல் பதிந்த 'கேம்ப் மீட்டிங் புளூஸ்' என்பதில் உள்ளது! ஆலிவர் முறையிட்டும் பயன் விளையவில்லை. விரைவில் ஜாக்சன் குழுவை விட்டு நீங்க, பார்னி பிகார்டு அவ்விடத்திற்கு வந்தார்.

பிறர் பொருளைத் தனதென்பது குற்றமே. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் ஜாக்சனின் கதை அவ்வளவோடு முடிந்ததென்று எண்ணுவது நியாயமாகுமா?

நிற்க. அதன் பின்னரே அவர் நம் திசைக்கு வந்தார். 1935-ல் லியான் அப்பி என்பார் கறுப்பினக் குழுவொன்றைப் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலுக்கு அழைத்து வந்தார். அக்காலத்தில் இந்தியா வந்து தங்கிய அமெரிக்க வாத்தியக்காரருள் ஜாக்சனும் ஒருவர். பியானோ வல்லுநர் டெடி வெதர்போர்டுடன் வாசித்தார். இலங்கையிலும் பணி செய்தார். வெதர்போர்டு 1945-ல் கல்கத்தாவில் காலராவுக்கு இரையானார். ஜாக்சன் உலகப் போருக்குப் பின் தாயகம் திரும்பினார்.

அவர்கள் சும்மா வந்து சும்மா போகவில்லை. கோவாவினரும் பார்சிகளும் அவர்கள் வாசிப்பைச் செவியால் அள்ளிக்கொண்டனர். கவாஸ்ஜி கட்டாவ் என்ற பார்சி இளைஞர் 'ரூடி காட்டன்' என்னும் பெயருடன் சாக்ஸபோனிற் புகழ் பெற்றார். கோவா வாத்தியக்காரர் பலர் பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களிற் சேர்ந்தனர். தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய நாட்களில் நம் பெற்றோர் தாளம் போட்டுக் கேட்ட இந்திப் பாடல்கள் சிலவற்றில், அக்கறுப்பினக் கலைஞரின் மூச்சும் கலந்திருந்தது. இதனை அறிந்தவர் எத்தனை பேர்?

அன்பர்களே! அமெரிக்காவின் குறையை மட்டும் பேசி அமைவோமா? நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய நாயனம் ஊதியவர், தப்படித்தவர் பெயர்களை எந்த ஏட்டில் எழுதி வைத்தோம்? உபயகாரர் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது; ஊதியவன் பெயர் காற்றோடு போயிற்று. அவர்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் சிலரே உளர். அவர்களிடம் கேட்டு, குணத்தையும் குற்றத்தையும் உள்ளவாறே எழுதுவோம். பெயர் போடாத நாளுக்குக் கூலி இல்லை என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?